ஏரியைக் குட்டை என்றார்கள்

நகராட்சி அலுவலகத்தில் அவளுக்கு 'அகராதி' என்று பட்டப்பெயர். அவள் மொழிபெயர்ப்பாளர் என்பதால் மட்டுமல்ல, யாராக இருந்தாலும் முகத்துக்கு நேரே பேசிவிடுவாள் என்பதாலும்தான்.

ஒருநாள் மேலதிகாரி அவளைக் கூப்பிட்டு, ஊர் ஏரியைப் பற்றி அவள் ஆங்கிலத்தில் எழுதிய அறிக்கையை அவள் பக்கம் தள்ளினார். 'லேக்' என்று இருந்த இடமெல்லாம் 'பாண்ட்' என்று அடித்துத் திருத்தியிருந்தது.

"ரெண்டும் தண்ணி நிக்கிற இடம்தானேம்மா. கையெழுத்துப் போடுங்க."

"கட்டில், தொட்டில் ரெண்டும் படுக்கிற இடம்தான் சார். அதுக்காக உங்களைத் தொட்டில்ல போட முடியுமா? லேக்குன்னா ஏரி, பாண்டுன்னா குட்டை. படகு ஓடுற தண்ணியைக் குட்டைன்னு எப்படி எழுதுறது?"

அவர் சிரிக்கவில்லை. ஏரியை யாரும் தொடக்கூடாது என்பது சட்டம். குட்டையை அனுமதி வாங்கி மூடலாம். அங்கே அடுக்குமாடி கட்ட ஒரு நிறுவனம் காத்திருந்தது அலுவலகம் முழுக்கத் தெரியும். பேனாவை மூடி வைத்துவிட்டு எழுந்து வந்தாள்.

உடனே அவளைப் பிறப்பு இறப்புப் பதிவுக்குத் தூக்கியடித்தார்கள். அறிக்கையில் வேறொருவர் கையெழுத்திட்டார்.

"ஒரு வார்த்தைக்காகவா மல்லுக்கு நின்னே?" என்றார் கணவர்.

"நாம குடிக்கிற தண்ணிங்க அது. நாளைக்குக் குழாயில காத்து வந்தா அப்ப யாரைத் திட்டுவீங்க?"



பொதுமக்கள் கருத்துக் கேட்கும் கூட்டத்துக்கு ஆங்கிலத்தில் மட்டும் அறிவிப்பு ஒட்டினார்கள். ஏதோ சந்தைக்குப் பின்னால் இருக்கும் குட்டை போல என்று ஊரே சும்மா இருந்தது. அவள் வீடு வீடாகப் போய், "பாண்டுன்னு போட்டிருக்கிறது நம்ம ஏரியைத்தான்" என்று சொன்னாள். கணவரும் முணுமுணுத்துக்கொண்டே கூட நடந்தார்.

கூட்டத்தன்று மண்டபம் நிரம்பி வழிந்தது. அவள் எழுந்தாள்.

"சார், இந்தக் குட்டையில படகு விட உரிமம் குடுக்கிறது யாரு?"

மேலதிகாரி தாள்களைப் புரட்டினார். பின்வரிசையிலிருந்து ஒரு படகோட்டி, "நீங்கதானே சார் எனக்குக் குடுத்தீங்க?" என்றார். அதன்பிறகு யாரையும் அடக்க முடியவில்லை.

நிறுவனத்தின் விண்ணப்பம் திரும்பிப் போனது. ஆனால் அதற்குள் கிழக்குக் கரையில் லாரி லாரியாக மண் கொட்டியிருந்தார்கள். அள்ளச் சொல்லி அவள் கொடுத்த மனுக்களுக்குப் பதிலே இல்லை. அவளுக்குப் பழைய இருக்கையும் கிடைக்கவில்லை. மேலதிகாரிக்கோ பதவி உயர்வு.