இஸ்திரி மேசையில் ஓடிய ரயில்

டெஸ்மண்ட் ஹார்டேக்கர் மூன்று வருஷமாக வீட்டை விட்டு அரை மணி நேரத்துக்கு மேல் வெளியே இருந்ததில்லை. ரொட்டிக் கடை, மருந்துக் கடை, திரும்ப வீடு. பெரிலுக்குப் பக்கவாதம், பாவம் மனுஷன் என்ன செய்வார் என்று எங்கள் ஊர் டாட்மார்டனில் எல்லோரும் சொல்வார்கள். பெரில் அவர் மனைவி. பாதிக் காரணம் நான். அதை நானே சொல்லிவிடுகிறேன், வேறு யாரும் எடுத்துக் கொடுக்க வேண்டாம்.

இங்கே பொம்மை ரயில் செய்து ஓட்டுகிறவர்களின் கிளப்புக்கு நான்தான் செயலாளர், பெயர் கிளெனிஸ். மூன்று வருஷத்துக்கு முன் ஒரு செவ்வாய்க்கிழமை, கூட்டம் முடிந்து கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்பிய டெஸ்மண்டைக் கதவருகே மறித்து, கண்காட்சிக்கு டீ அண்டாவை வாடகைக்கு எடுப்பதா, சொந்தமாக வாங்குவதா என்று முக்கால் மணி நேரம் சண்டை போட்டேன். அவர் வீட்டுக்குப் போனபோது பெரில் சமையலறைத் தரையில் கிடந்தாள். அந்த முக்கால் மணி நேரத்தைப் பற்றி டாக்டர்கள் என்ன சொன்னார்களோ, அவர் என்னிடம் சொன்னதில்லை. நானும் கேட்கவில்லை. தைரியமில்லை, அவ்வளவுதான்.

எங்கள் கிளப் வண்டிகள் பெரிய ஜாதி. ஒரு எஞ்சின் ஒரு முழு ரொட்டி நீளம் இருக்கும். ஓட்ட ஒரு கொட்டகையே வேண்டும். இந்த வருஷம் கமிட்டி ஒரு போட்டி வைத்தது. அதே பெரிய வண்டி, ஆனால் பலகை நாலு அடிக்கு மேல் ஒரு விரல்கூடப் போகக் கூடாது, ஒரே ஆள் தூக்கிக்கொண்டு வர வேண்டும். அளவுகோலோடு வாசலில் நிற்கப்போவது நான்தான். டெஸ்மண்டை இழுத்துவிடலாம் என்று அவர் வீட்டுக்குப் போனேன்.

"எங்க வெச்சு செய்யறது? இவளை விட்டுட்டு மாடிக்குப் போனாலே எனக்குப் படபடன்னு வருது" என்றார்.

பெரில் கட்டிலில் இருந்தாள். வலது பக்கம்தான் விழுந்திருந்தது. பேச்சு நிதானமாக வரும், ஆனால் வாய் மட்டும் அதே வாய். "இஸ்திரி மேசை சும்மாதானே கிடக்கு, டெஸ். மூணு வருஷமா இந்த வீட்ல எந்தச் சட்டைக்கு இஸ்திரி போட்டே? கசங்கிப்போய்த்தானே திரியறே."

அப்படித்தான் ஆரம்பித்தது. கட்டிலின் காலடியில் இஸ்திரி மேசையை விரித்து, அதன் மேல் பலகை அறைந்து, ஒரு நூல் மில்லின் பின்புறச் சரக்கு முற்றத்தைச் செய்தார். ஒரு எஞ்சின், மூன்று வேகன், இரண்டாகப் பிரிகிற பாதை. செங்கல் சுவரில் கரி படிந்ததுகூடத் தத்ரூபமாக இருந்தது.

கண்காட்சிக்கு மூன்று வாரம் இருக்கும்போது ஒரு கேக் சுட்டு எடுத்துக்கொண்டு போனேன். டெஸ்மண்ட் மேசைமுன் சும்மா உட்கார்ந்திருந்தார். எஞ்சின் வேகனை இழுத்துக்கொண்டு பாதை பிரிகிற இடத்தைத் தாண்டிக் கோடிக்குப் போக வேண்டும், அப்போதுதான் வழியை மாற்றி அடுத்த பாதையில் தள்ள முடியும். கோடியில் கட்டைவிரல் அகலம் இடம் போதவில்லை. எஞ்சின் அங்கேயே சிக்கி நின்றது.

"எஞ்சினை அளந்தேன், வேகனை அளந்தேன்," என்றார். "பஃபரை விட்டுட்டேன்."

வண்டியின் முன்னும் பின்னும் துருத்திக்கொண்டிருக்கும் அந்தக் குமிழ்களைத்தான் சொல்கிறார். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "புதுசா வர்றவனுக்கெல்லாம் 'பஃபரோட சேத்து அளடா'ன்னு நாப்பது வருஷம் பாடம் எடுத்தவன்யா நீ!"

"விடு, கிளெனிஸ். கண்காட்சிக்குப் போகலைன்னா போகுது." அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு நிம்மதி தெரிந்தது. பெரிலும் அதைப் பார்த்துவிட்டாள்.

அவர் டீ போடப் போனதும் என் கையைப் பிடித்து இழுத்தாள். "இவன் எனக்காகக் கட்டுண்டு கிடக்கான்னு ஊரே உச்சுக்கொட்டுது. என்னை யாராவது கேட்டீங்களா? பொழுதுக்கும் அந்த மூஞ்சி என்னையே பாத்துட்டு இருக்கு. கக்கூசுக்குக்கூடக் கதவைத் திறந்து வெச்சுட்டுத்தான் போறான். ஒரு மணி நேரம், கிளெனிஸ். ஒரே ஒரு மணி நேரம் அவன் பார்வை படாம நான் இருக்கணும்."

டெஸ்மண்ட் கோப்பைகளோடு வந்தார். பெரில் குரலை மாற்றிக்கொண்டாள். "உங்க சட்டம் பலகையைப் பத்தித்தானே? என் மடியைப் பத்தி எதாவது எழுதியிருக்கா?"

அவள் சக்கர நாற்காலியின் குறுக்கே சாப்பாட்டுக்கு ஒரு தட்டுப்பலகை மாட்டுவார்கள். அதில் ஒரு சாண் தண்டவாளம் போட்டால் எஞ்சின் அங்கே வந்து நின்றுவிட்டுத் திரும்பலாம். இஸ்திரி மேசையைத்தான் எந்த உயரத்துக்கும் இறக்கலாமே. கிளப்பில் பலகைகளை இணைக்க அலமாரித் தாழ்ப்பாள்தான் போடுவோம், அதையே இதற்கும் போடலாம். மடியைப் பற்றி விதியில் ஒன்றுமில்லை என்று செயலாளர் என்ற முறையில் தீர்ப்புச் சொன்னேன்.

கண்காட்சி நடந்த சனிக்கிழமை, சர்ச் ஹாலில் அவர்கள் மேசைமுன் நல்ல கூட்டம். எஞ்சின் பெரிலின் மடிக்கு வரும், அவள் இடது கையால் வேகனின் கொக்கியைக் கழற்றுவாள், எஞ்சின் திரும்பும். மத்தியானம் எஞ்சின் வந்து நின்றதும் அதன்மேல் கையை வைத்து மூடிக்கொண்டாள்.

"வெளியே போய் ஒரு மணி நேரம் கழிச்சு வா."

"விளையாடாதே, பெரில். ஜனம் நிக்குது."

"எஞ்சின் என்கிட்டதான் இருக்கும். நானும் ஓடிட மாட்டேன், நீதான் தாழ்ப்பாள் போட்டிருக்கியே."

அவர் என்னைப் பார்த்தார். "நான் பாத்துக்கறேன்" என்றேன். அதைச் சொல்ல எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது என்று வாய் கூசியது. அவர் போனார்.

பெரில் கண்ணை மூடிக்கொண்டாள். சுற்றிலும் அத்தனை சத்தம், அவள் முகம் மட்டும் தளர்ந்து, இளகி, வேறு யாரோபோல ஆகிவிட்டது. நான் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். டெஸ்மண்ட் கார் பக்கத்தில் சாவியோடு நின்றார். கால்வாய்ப் பக்கம் பத்தடி நடந்தார். திரும்பினார். எங்கே போவதென்று அவருக்குத் தெரியவில்லை. ஒன்பது நிமிஷம்கூட ஆகவில்லை, ஹால் கதவுக்கு வந்துவிட்டார். கதவுக் கண்ணாடி வழியாக அவள் முகத்தையே பார்த்தார்.

நான் ஓடிப்போய்க் கதவை எனக்குப் பின்னால் சாத்திவிட்டு வெளிப்படியில் நின்றேன்.

"வழிவிடு, கிளெனிஸ்."

"இரு டெஸ்மண்ட். அந்த டீ அண்டா விஷயம் இன்னும் முடியல."

அவர் முகம் வெளுத்தது. என்னைத் தள்ளிவிட்டு உள்ளே போயிருக்கலாம், அடித்திருந்தாலும் வாங்கிக்கொண்டிருப்பேன். அவர் கண்ணாடிக்குள் இன்னொரு முறை பார்த்தார். பெரில் கண்ணைத் திறக்கவேயில்லை. ரொம்ப நேரம் பார்த்துவிட்டு மெல்லப் படியில் உட்கார்ந்தார்.

"வாடகைக்குத்தான் எடுக்கணும்னு அன்னைக்கே சொன்னேன்" என்றார்.

"வாங்கறதுதான் லாபம்" என்றேன். அவர் பக்கத்தில் உட்கார்ந்து, மீதி ஐம்பது நிமிஷமும் அதையே சண்டை போட்டேன்.