வாடைக்குச் சாத்திய சன்னல்

திருவொற்றியூரில் நாங்கள் குடியிருக்கும் மாடிவீட்டின் படுக்கையறைக்கு ஒரே சன்னல். அது வடக்கு நோக்கியது, வடக்கே ஆலைகள் நிறைந்த எண்ணூர். கடற்காற்று வீசும் மாதங்களில் அந்தச் சன்னலால் தொல்லையில்லை. ஐப்பசிக்குப் பின் வாடை திரும்பியதும் ஆலைகளின் நெடி அதன் வழியே நுழைந்து தலையணை உறை வரை ஏறிவிடும். சில நாள் அழுகிய முட்டையை ஒத்திருக்கும்; சில நாள் தொண்டையைக் கீறும். நான் அந்த நெடியில் பிறந்து வளர்ந்தவள். வகுப்பில் மூக்கைத் துடைத்துக்கொண்டே செய்யுள் நடத்தப் பழகிய தமிழாசிரியை. இரண்டாம் முறை கருவுற்ற பிறகுதான் அதற்கு அஞ்சத் தொடங்கினேன்.

முதற்கரு நான்காம் மாதத்தில் தங்காது போயிற்று. காரணம் இன்னதென்று மருத்துவர் எவரும் அறுதியிட்டுச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அந்த ஒன்றை மட்டும் விலக்கியிருப்பேன். சொல்லாமையால் எல்லாவற்றையும் விலக்கினேன். தேநீரை விட்டேன். தலைக்குச் சாயம் பூசுவதை விட்டேன். பெரிய மீன்களில் நஞ்சு சேர்ந்திருக்கும் என்று எங்கோ படித்துவிட்டு வஞ்சிரத்தையும் விட்டேன். சுண்ணக்கட்டியின் தூள் பறக்கலாகாதென்று கரும்பலகையை ஈரத்துணியால் துடைத்தேன். மாணவியர் தமக்குள் சிரித்துக்கொண்டனர்.

கீழ்வீட்டில் மீன் விற்கும் அக்கா இருந்தார். அவர் கணவர் விசைப்படகில் கடலுக்குச் செல்பவர். காற்றின் போக்கு எங்கள் மூக்கை எட்டுமுன் அவர்கள் தோலுக்குத் தெரிந்துவிடும். நான் கருவுற்றதை அறிந்த நாள்முதல், காற்று மாறும்போதெல்லாம் அக்கா முற்றத்தில் நின்று குரல் கொடுப்பார்.

“டீச்சரே, வாட திரும்பிக்கினு கீது. ஜன்னல சாத்திக்க.”

உடனே சாத்திவிடுவேன். சாத்தியதோடு நில்லாமல் இடுக்குகளில் ஈரத்துணியைச் செருகுவேன். கால்வாய் அருகில் இருந்ததால் அடைத்த அறையிலும் கொசுவுக்குக் குறைவில்லை. கருவுற்றவளுக்குக் கொசுக்காய்ச்சல் வந்தால் கேடு என்று ஆசிரியர் அறையில் பேசிக்கொண்டது காதிலேயே நின்றது. ஆகவே பொழுது சாய்ந்ததும் கட்டிலுக்கடியில் கொசுவர்த்திச் சுருள் ஒன்றைக் கொளுத்தி வைப்பேன். சில நாள் இரண்டு. தலைக்குக் குளித்த நாள்களில் தணல் மீது சாம்பிராணியும் தூவுவேன். நெடியைப் புகை வென்றுவிடும் என்பது என் எண்ணம். துறைமுகத்தில் சரக்குப் பெட்டிகளைக் கணக்கெடுக்கும் வேலையிலுள்ள என் கணவர், அறைக்குள் வந்தாலே கண் எரிகிறது என்றார். எரிந்தால் நல்லதுதான், மருந்து வேலை செய்கிறது என்றேன்.

ஏழாம் மாதத்தில் ஒரு சனிக்கிழமை. நண்பகல் உணவுக்குப் பின் குழந்தை தவறாமல் புரளும். அன்று புரளவில்லை. இனிப்பு நீர் அருந்தி இடப்பக்கமாகப் படுத்தேன். வயிற்றைத் தட்டினேன், பேசினேன். சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தவாறே இரண்டு மணிநேரம் கழித்தேன். மருத்துவமனைக்குப் போனால் முன்பு கேட்டதையே மறுபடியும் கேட்க நேரும் என்ற அச்சம் காலைக் கட்டிவிட்டது. இறுதியில் படியிறங்கி அக்காவின் வாசலில் நின்றேன். என் முகத்தைப் பார்த்ததும் அவர் அரிவாள்மணையைச் சாய்த்துவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டு உடன் கிளம்பினார். ஆட்டோவில் என் கையைப் பிடித்திருந்த அவர் விரல்களில் மீன் செதில் ஒட்டியிருந்தது. மகப்பேறு மருத்துவமனை வரும்வரை அந்தச் செதிலையே பார்த்துக்கொண்டு சென்றேன்.

செவிலியர் வயிற்றில் கருவியை வைத்து அங்குமிங்கும் நகர்த்தினார். முதலில் இரைச்சல்தான் கேட்டது. பிறகு ஓடும் குதிரையின் குளம்படி போல ஓசை எழுந்தது. நான் அழுதேன். அவர் காத்திருந்து, குருதி அழுத்தம் பார்த்து, தலைவலி உண்டா என்று வினவினார். நாள்தோறும் காலையில் உண்டு என்றேன். படுக்கும் அறை எப்படி என்றார். என் பாதுகாப்பு ஏற்பாடுகள் அனைத்தையும், வீட்டுப்பாடம் ஒப்பிக்கும் மாணவியைப் போல, சற்றே பெருமையுடன் சொன்னேன்.

“வெளிய இருக்கிற பொக வரக்கூடாதுன்னு ஜன்னல அடைச்சிட்டு, உள்ள நீயே பொக போட்டுக்கினு படுத்துக்கீறியேம்மா” என்றார்.

அதனால்தான் அசைவு குறைந்தது என்று தாம் சொல்லவில்லை, குழந்தை உறங்கியும் இருக்கலாம் என்றார். ஆயினும் சுருளும் சாம்பிராணியும் அன்றோடு நிற்க வேண்டும். கொசுவலை கட்டிக்கொள்ள வேண்டும். நெடி குறைந்ததும் சன்னலைத் திறந்துவிட வேண்டும். அசைவு குறைந்தால் கடிகாரம் பார்த்துக்கொண்டிராமல் உடனே வர வேண்டும் என்று இருமுறை சொன்னார். அவ்விரண்டு மணிநேரத்தை அவரிடம் நான் மறைக்கவில்லை. மருத்துவர் வந்து பார்த்த பிறகே வீட்டுக்கு அனுப்பினார்கள்.

திரும்பும் வழியில் அக்கா விரலில் ஒட்டிய செதிலைச் சுரண்டிக்கொண்டே வந்தார். தேரடி கடந்த பிறகு, “சாத்துன்னு நான்தான் கூவுனேன். உள்ள நீ இன்னா பண்றன்னு ஒரு நாளாச்சும் ஏறி வந்து பாத்திருக்கணும்” என்றார். குற்றம் அவருடையதன்று என்று நான் சொன்னதை அவர் ஏற்றுக்கொண்டதாகத் தெரியவில்லை.

மறுநாள் காலை அவர் கணவரே கொசுவலையுடன் மேலே வந்தார். நான் எடுத்து வைத்திருந்த நாடாக்களை ஒதுக்கிவிட்டு, படகில் கட்டும் கயிற்றால் நான்கு மூலைகளையும் சன்னல் கம்பியிலும் ஆணியிலும் இறுக்கினார். “கொசு இன்னா டீச்சரே, ஒங்க வூட்டுக்காரரே மாட்டிக்கினா வெளிய வர முடியாது” என்றார். வெகு நாள்களுக்குப் பின் நான் சிரித்தேன்; சிரித்த குலுக்கலில் உள்ளே ஓர் உதை விழுந்தது.

அச்சம் அதனால் ஒழிந்துவிடவில்லை. நெடி எப்போது தணிந்தது, எப்போது திறப்பது என்று தெரியாமல் தாழ்ப்பாளில் கைவைத்தபடி நின்ற பொழுதுகள் பல. தலைவலி விட்டது, அசைவுகளை எண்ணுவது விடவில்லை. ஒவ்வோர் அசைவுக்கும் அடுத்த அசைவுக்கும் இடையே மூச்சைப் பிடித்துக்கொண்டே எஞ்சிய இரு மாதங்களையும் கடந்தேன்.

மகளுக்கு இப்போது மூன்று வயது. வாடை திரும்பினால் அக்கா இன்றும் கீழிருந்து கூவுகிறார். நான் சன்னலைச் சாத்தும் ஓசை கேட்டதும் இரண்டாம் முறை கூவுகிறார்:

“உள்ள ஒண்ணும் கொளுத்தலியே?”

இல்லை என்கிறேன். சொல்லிவிட்டு, ஒருமுறை குனிந்து கட்டிலுக்கடியில் பார்த்துக்கொள்கிறேன்.