மீராசாவின் அத்தர்

அறுபதுகளில் தாராவி பஸ்ஸில் மீராசா ஏறி உட்கார்ந்தால் பக்கத்து ஸீட் தானாகக் காலியாகும். தோல் பதனிடுகிற மனுஷன். வாடைதான் சோறு போடுகிறது, அடிக்கட்டும் என்பார். ஆனால் மூன்றாம் வகுப்பில் படிக்கும் மகள் சுலைகாவின் பள்ளிக்கூடத்தில் பொருட்காட்சி என்றதும் ஆடிப்போனார். சோப்பு கரையும்வரை தேய்த்துக் குளித்தார். பெருநாளுக்கு வைத்திருந்த அத்தரைக் கையெல்லாம் பூசிக்கொண்டார். அப்படியும் வகுப்பு வாசலிலேயே ஒதுங்கி நின்றார்.

உள்ளே மற்ற பிள்ளைகள் அட்டையில் கப்பலும் ரயிலும் செய்திருந்தார்கள். கூட்டமெல்லாம் சுலைகாவின் மேஜையில்தான். ஒரு சிரட்டையில் சுண்ணாம்புத் தண்ணீரில் ஊறும் பச்சைத்தோல், இன்னொன்றில் ஆவாரம்பட்டைச் சாறு, கடைசியில் பதமான தோல் துண்டு. ஹிந்திக்காரருக்கு ஹிந்தியிலும் நம்மவருக்குத் தமிழிலும் அவள் தடுமாறாமல் விளக்குவதைக் கேட்டு மீராசாவுக்குப் பெருமை பிடிபடவில்லை.

பெரியவர் ஒருவர் பதமான துண்டை மோந்து பார்த்தார். "இதுல வாடையே இல்லையே, எங்கே போச்சும்மா?"

"அதெல்லாம் எங்க வாப்பா கைக்குப் போயிரும்" என்றவள், வாசலில் நின்றவரைப் பார்த்துவிட்டாள். ஓடிப்போய் இழுத்து வந்து, அவர் கையைத் தூக்கிப் பெரியவரிடம் நீட்டினாள். "இவியதான். மோந்து பாருங்க."

பெரியவர் குனிந்தார். அத்தர்தான் மணத்தது.

சுலைகாவின் முகம் சுருங்கிவிட்டது.

"என்ன வாப்பா, இன்னைக்குப் பார்த்தா குளிச்சிட்டு வந்திய?"