சமதரையில் தடுமாறிய சடையன்

சிலம்பம் சொல்லிக்கொடுப்பவனுக்குக் கை பத்து வருஷத்தில் தேறிவிடும்; பையன்களின் அம்மாக்களுக்குப் பதில் சொல்லும் வாய் தேற ஆயுசு போதாது. பிள்ளைகளுக்குத் தேகப்பயிற்சி கொடுத்துப் பட்டவர்களுக்கு இது புரியும். எனக்கு அப்போது இருபத்தாறு வயது. வெள்ளைக்காரன் காலம், கொல்லிமலைக்கு ரோடு கிடையாது. அடிவாரத்துக்காரனான என்னை, கீழே நடக்கும் திருவிழாப் போட்டிக்கு நாலு பையன்களைத் தயார் செய்ய மலைமேல் இருக்கும் வாசலூர்பட்டிக்காரர்கள் அழைத்துப் போனார்கள்.

ஓடை மரம்

நிலை தவறாமல் நிற்கப் பழக்க, ஓடையின் குறுக்கே கிடந்த மரத்தில் நடக்கச் சொன்னேன். "பார்வை எதிரே, பாதம் பதிய" என்று நானே நடந்து காட்டினேன். பாதியில் பாசி வழுக்கி, இடுப்பளவு தண்ணீரில் உட்கார்ந்தேன். நால்வரில் பலசாலி சடையன், பதினேழு வயது. சாவகாசமாக அதே மரத்தில் நடந்து வந்து, குனிந்து என்னைத் தூக்கிவிட்டான். அப்புறம் பணிவாகக் கேட்டான்: "ஏனுங்க வாத்தியாரே, நாங்களும் இதே எடத்துல உழுவணுங்களா?"

கர்லாக்கட்டை

தோள் வலுவுக்கு ஆளுக்கொரு கர்லாக்கட்டை கொடுத்து, வீட்டிலும் சுற்றச் சொன்னேன். ஒரு மாதமாகியும் சடையன் தோள் அப்படியே இருந்தது. என்னவென்று வீட்டுக்குப் போனால், அவன் அம்மா பொன்னி கட்டையால் உரலில் சாமை குத்திக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் முகமெல்லாம் சிரிப்பு. "நல்ல கனமுங்க, உமி சுத்தமாப் போவுது. இன்னொண்ணு கெடைக்குங்களா?"

கோணல்

சடையனுக்கு ஒரு குறை. பிறந்ததிலிருந்து சரிவிலேயே நடந்தவன். சமமான களத்தில் நிறுத்தினால் வலது முழங்கால் தானாக மடங்கும். வேகமாகத் திரும்பினால் சாய்ந்துவிடுவான். ஒற்றைக்காலில் நிறுத்தினேன், உட்கார்ந்து எழ வைத்தேன், கண்ணை மூடி நிற்கச் சொன்னேன். ஒருநாள் அவன் வரவில்லை. தேடிப் போனேன். "கீழ எல்லாரும் சிரிப்பாங்க, நான் வரலீங்க" என்றான், கண் கலங்கி.

"முழங்கால் மடங்குது, அவ்வளவுதான் கண்ணு" என்று நான் தேற்றியது பொன்னி காதில் விழுந்துவிட்டது. "எம் பையன் காலு சரியாத்தானுங்க இருக்குது. உங்க களந்தான் கோணலு!"

கடைசி ஆட்டம்

அம்மா போட்ட சண்டையில் வெட்கப்பட்டே மறுநாள் வந்துவிட்டான். போட்டி நாளும் வந்தது. கீழே ஏரிக்கரையை ஒட்டிக் களம். கம்பு நுனியில் சந்தனம். உடம்பில் மூன்று பொட்டு வாங்கியவன் தோற்றான். மற்ற மூவரும் தோற்றுவிட்டார்கள். சடையனும் இரண்டு பொட்டு வாங்கிவிட்டான். எதிராளி நெருக்க நெருக்க, இவன் பின்வாங்கி ஏரிக்கரைச் சரிவில் ஏறினான். துரத்தி ஏறிய எதிராளிக்குக் கால் நிற்கவில்லை. சடையனுக்கோ அது சொந்த வாசல்! மளமளவென்று மூன்று பொட்டு வைத்தான். நான் கூட்டத்தில் குதித்தே விட்டேன்.

எதிராளியின் வாத்தியார் மேல்துண்டை உதறிப் போட்டுக்கொண்டு என்னிடம் வந்தார். "உங்க பையன் ஜெயிக்கலீங்க. எங்க ஏரிக்கரையே எங்க காலை வாரி உட்டுருச்சுங்க."

மூவர் தோற்றால் வாத்தியார் சரியில்லை, ஒருவன் ஜெயித்தால் பையன் கெட்டிக்காரன்: எங்கள் தொழிலின் நியாயம் அவ்வளவுதான்.