மத்தியானச் சேனல்

எங்கள் வீட்டில் டிஷ்ஷா, கேபிளா என்ற கேள்வியைத் தீர்த்து வைத்தவன் நான்தான். தேனியில் ஆபீஸ் வேலை. எதையும் தாளில் நடுவே கோடு கிழித்து, இந்தப் பக்கம் அந்தப் பக்கம் என்று எழுதிப் பார்க்காவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. ஆனி, ஆடி வந்தால் கணவாய் வழியாக இறங்கும் காற்று, தென்னைக்குத் தென்னை இழுத்துக் கட்டிய கேபிள் வயரை அறுத்துப் போட்டுவிடும். கேபிள்காரருக்குப் போன் செய்தால் இந்தா வந்துட்டேன் என்பார். ஆள் வந்து சேர நாள் கணக்காகும். டிஷ் என்றால் மொட்டைமாடியில் நாலு போல்ட்டு, வேலை முடிந்தது.

அம்மா மட்டும், “கேபிளே இருந்துட்டுப் போகட்டுமேப்பா” என்றாள். ஏன் என்று கேட்டேன். முந்தானையால் டிவியைத் துடைத்தாள். சீரியலுக்காகத்தான் என்று நானாகவே நினைத்துக்கொண்டு, அவள் பார்க்கும் சேனல்கள் டிஷ்ஷிலும் வரும் என்று சொல்லி ஒவ்வொன்றாகப் பட்டியல் போட்டேன். தலையாட்டினாள். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன். கேபிள்காரர் வயரைச் சுருட்டிக்கொண்டு போனார்.

படம் கண்ணாடி மாதிரி இருந்தது. மேற்கு மலையில் சாரல் இறங்கும்போது மட்டும் கட்டம் கட்டமாக உறைந்து நிற்கும். ஆனால் அம்மா டிவி பக்கமே வரவில்லை. மத்தியானம் சாப்பிட்டதும் எதிர்வீட்டுக்குப் போய்விடுகிறாள் என்று மனைவி சொன்னாள். எனக்குக் கோபம்தான் வந்தது. இவ்வளவு பெரிய டிவியை வைத்துக்கொண்டு அடுத்தவர் வீட்டில் போய் உட்காருவதா?

லீவு போட்டிருந்த ஒரு நாள் கூப்பிடப் போனேன். எதிர்வீட்டு அக்கா பாயில் அசந்து தூங்கிக்கொண்டிருந்தார். பச்சை நிறத் திரைச்சீலை காற்றில் உப்பி உப்பி அடங்க, அந்த வெளிச்சத்தில் அறையே தண்ணீருக்குள் கிடப்பதுபோல் இருந்தது. அம்மா தரையில் உட்கார்ந்து கேபிள்காரரின் உள்ளூர் சேனலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். காதுகுத்து, கல்யாணம், கண்ணீர் அஞ்சலி எல்லாம் அதில் வரும். போட ஒன்றுமில்லாத மத்தியானங்களில் கைக்குக் கிடைத்த பழைய திருவிழா வீடியோ எதையாவது ஓடவிடுவார். எது, எப்போது என்று அவருக்கே தெரியாது.

அன்று வீரபாண்டித் திருவிழா ஓடியது. கொட்டுச் சத்தம், கூட்டம், வெளுத்துப்போன நிறங்கள். நீர்மோர்ப் பந்தலில் ஒருவர் குனிந்து மோர் மொண்டு ஊற்றிக்கொண்டிருந்தார். நிமிர்ந்தார். துண்டில் கையைத் துடைத்தார். எங்களைப் பார்த்தார். அப்பா. அவர் இறந்து நாலு வருடம் ஆகிறது. போட்டோ எடுத்தால் கண்ணை மூடிக்கொள்கிற மனிதர், அங்கே கண்ணைத் திறந்துகொண்டு நின்றார். அடுத்த நொடி கூட்டம் குறுக்கே வந்து மறைத்துவிட்டது.

அம்மா எழுந்து புடவையைச் சரிசெய்துகொண்டு, போகலாமா என்றாள். நான்தான் திரையை விட்டு நகராமல் நின்றேன்.

மறுநாளே கேபிள்காரரைத் தேடிப் போய், அந்த வீடியோவைப் பென்டிரைவில் வாங்கி வந்தேன். டிஷ்ஷும் இருக்கும், அப்பாவும் இருப்பார். என் புத்திசாலித்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன். டிவியில் செருகி, ரிமோட்டில் எந்தப் பட்டன் என்று அம்மாவுக்குக் காட்டிக் கொடுத்தேன். ஒரு தடவை பார்த்தாள். அடுத்த நாள் மறுபடியும் எதிர்வீட்டுக்குக் கிளம்பினாள். அதான் வீட்டிலேயே இருக்கிறதே, நினைத்த நேரத்தில் பார்க்கலாமே என்றேன்.

“நாம பட்டன அமுக்குனா வந்து நிக்கிறதுக்கு அவுக என்ன வேலக்காரவுகளா? அவுகளா வரணும்ப்பா. ஒங்கப்பா என்னிக்கு நான் கூப்பிட்டு வந்தாக?”

உண்மைதான். தோட்டத்துக்குப் போனால் அப்பா எப்போது திரும்புவார் என்று யாருக்கும் தெரியாது. அம்மா ஒரு நாளும் ஆள் விட்டுக் கூப்பிட்டதில்லை. சோற்றை மூடி வைத்துவிட்டு வாசலைப் பார்த்தபடி ஏதாவது வேலை செய்துகொண்டிருப்பாள். அந்தக் காத்திருப்பைத்தான் நான் வயரோடு சேர்த்துச் சுருட்டிக் கொடுத்திருக்கிறேன். அதை எழுதிப் பார்க்க என் தாளில் எந்தப் பக்கமும் இல்லை.

கேபிள் மறுபடி வந்தது. ஒரு டிவிக்கு இரண்டு பாக்ஸ் வைத்திருக்கும் வீடு எங்கள் தெருவில் இது ஒன்றுதான். கேட்கிறவர்களிடம் ஏதோ சொல்லிச் சமாளிக்கிறேன்.

போன சனிக்கிழமை நானும் அம்மா பக்கத்தில் உட்கார்ந்தேன். யார் வீட்டுக் காதுகுத்தோ ஓடிக்கொண்டிருந்தது. பந்தி பந்தியாக ஆட்கள் சாப்பிட்டு எழுந்தார்கள். சுவரில் கிடந்த வெயில் மெல்ல நகர்ந்து கதவுக்குப் போனது. ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே இருந்தேன். நாலு மணிக்குச் சேனலில் செய்தி தொடங்கிவிட்டது. இந்த வயதில் எனக்கு அழுகை வந்தது. அம்மா என் முகத்தைப் பார்த்தாள்.

“இன்னிக்கி வேல கெடந்திருக்கும். நாளைக்கி வருவாக” என்று சொல்லிவிட்டு, டீ போட எழுந்து போனாள்.