சூரியன் படம் போட்ட பொத்தான்

தீவு நகரமான ஜார்ஜ் டவுனில் மதிய மழை பெய்தும் புழுக்கம் குறையவில்லை. வாடகை அறையின் ஏசி ரிமோட்டை எடுக்கிறேன். சூரியன் படம் போட்ட பொத்தான் மட்டும் தேய்ந்து வெளுத்திருக்கிறது. நார்வேயில், என் வீட்டில், அதை அழுத்தினால் அறை சூடாகும். இந்த வெக்கையில் யாருக்கு வேண்டும் சூடு? துவாலை கொண்டுவந்த வீட்டுச் சொந்தக்கார அக்காவிடம் கேட்கிறேன்.

“என் வீட்டுக்காரரு கடைசியா படுத்திருந்த ரூம் தம்பி இது. குளிருதுன்னு நடுங்குவாரு. நான் அதை அமுக்கிவிடுவேன். ‘இப்ப சூடா இருக்கு, போதும்’னு சொல்லுவாரு.”

“சூடு வந்ததா, அக்கா?”

“இங்க உள்ள ஏர்கோன்ல சூடே கிடையாதுலா. பட்டன் மட்டுந்தான். எனக்கு அது அப்புறந்தான் தெரியும்.”

மடித்த துவாலையை மறுபடி மடிக்கிறார்.

“அவரு செஞ்சதே ஏர்கோன் மாட்டுற வேலைதான்.”