ரெண்டு செகண்ட் பிந்திய கடிகாரம்

சங்குக்காரர் மகள் ரேடியோவில் செய்தி வாசிக்கிறாள் என்பது தெருவுக்கே தெரியும். கேட்டவர் என்று ஒருத்தர்கூட இல்லை. அவளுடைய நிலையம் டிஜிட்டல் ரேடியோவில் மட்டும்தான் வரும். அந்தக் கருவியோ யார் வீட்டிலும் கிடையாது. "இருக்கிறதே நல்லாத்தானே பாடுது, இன்னொண்ணு எதுக்கு?" என்பார்கள். மற்றவர்களைச் சொல்லி என்ன, பெத்த அப்பாவே அப்படித்தான்.

முப்பது வருஷம் ஆலைச் சங்கு ஊதிய மனுஷன் அவர். ரேடியோ மணி சொல்லும் அந்த 'டிங்' சத்தத்துக்கு விசையை அழுத்துவார். ஊரே அந்தச் சங்கைக் கேட்டுக் கடிகாரத்தைத் திருத்தும். ஓய்வு பெற்ற பிறகும் அந்தப் புத்தி போகவில்லை. கூடத்துச் சுவர்க்கடிகாரம் ஒரு செகண்ட் தப்பினால் போதும், நாற்காலி போட்டு ஏறிவிடுவார்.

அவள் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரே ஒரு நாள் நிலையத்துக்கு வந்தார். வரவேற்பறையில் டிஜிட்டல் ரேடியோ. இவர் கையில் கடிகாரம். மூன்று மணிக்கான 'டிங்' ரெண்டு செகண்ட் கழித்துத்தான் வந்தது. அவ்வளவுதான், எழுந்து நடையைக் கட்டிவிட்டார். பாவி மனுஷன், இன்னும் ஒரு நிமிஷம் பொறுத்திருந்தால் மகள் குரலைக் கேட்டிருக்கலாம்!

"குரலை எண்களா மாத்தி அனுப்பி, இங்க மறுபடியும் குரலாக்கணும்ப்பா. அதுக்குக் கொஞ்சம் நேரம் புடிக்கும்" என்று அவள் தலைகீழாய் நின்று சொல்லிப் பார்த்தாள்.

"மணியையே ஒழுங்கா சொல்லத் தெரியாதது செய்தி வேற சொல்லுதாக்கும்!"

மூன்று வருஷம் ஓடிவிட்டது. உறவுக்காரர்கள் வந்தால், "என் பொண்ணு காலி ரூம்ல கத்திட்டு வர்றா" என்று கேலி பண்ணுவார். அவளும் கூடச் சேர்ந்து சிரிப்பாள். உள்ளுக்குள் சுருக்கென்று தைக்கும்.

இந்த மாதம் நிலையத்தில் சொல்லிவிட்டார்கள்: கேட்க ஆளில்லை, மூன்று மணிச் செய்தி மாசக் கடைசியோடு சரி. அப்பா ஒரு தடவைகூடக் கேட்காமலே முடிந்துவிடுமே! நேரே கடைக்குப் போனாள்.

கடைக்காரர் ஈ ஓட்டிக்கொண்டிருந்தார். அலமாரியில் ஒரே ஒரு டிஜிட்டல் ரேடியோ, தன் பாட்டுக்குப் பாடிக்கொண்டிருந்தது.

"இது எவ்வளவுங்க?"

அவர் நிமிர்ந்து பார்த்தார். "மூணு மணிச் செய்தி நீங்கதானே? சனியன் விக்கவே மாட்டேங்குதுங்க. அதனால தினமும் உங்களைத்தான் கேக்கறேன். போன வாரம் ஜலதோஷமா?"

ஜலதோஷம்தான். அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

"இனிமே நான் யாரைக் கேக்கறது?" என்று முனகிக்கொண்டே அவர் அதைப் பெட்டியில் வைத்துக் கட்டினார்.

வீட்டில் அப்பா பழைய ரேடியோவையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். எட்டு மணிக்கு இரண்டும் 'டிங்' என்றன, முன்னே பின்னே.

"ரெண்டு செகண்ட்! அன்னிக்கே சொன்னேன்ல?" அவருக்கு வாயெல்லாம் பல்.

அவளுக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ. "தப்பாவே இருக்கட்டும்ப்பா! மாசக் கடைசி வரைக்கும்தான் நான் வாசிப்பேன். அப்புறம் தூக்கிக் குப்பையில போடுங்க!" என்று கத்திவிட்டு உள்ளே போய்விட்டாள்.

மறுநாள் வேலை முடிந்து வந்தாள். அப்பா கூடத்தில் பேப்பரில் முகத்தைப் புதைத்திருந்தார். கேட்டாரா என்று கேட்க இவளுக்கும் வீம்பு. சமையலறைக்குப் போய்ப் பழைய ரேடியோவைப் போட்டாள். 'டிங்' என்று ஆறு மணி சொன்னது. கூடத்துக் கடிகாரம் சும்மா இருந்தது. அதற்கப்புறம்தான் அடிக்க ஆரம்பித்தது.

இந்த வீட்டிலா? அவள் ஓடி வந்தாள். "அப்பா, கடிகாரம் பிந்துதே!"

"பிந்தல. நான்தான் ரெண்டு செகண்ட் நிறுத்தி ஓட விட்டேன்" என்றார் அவர், திரும்பாமலே. "நீ மூணு மணிங்கறப்போ இது மூணு அடிக்க வேண்டாமா?"